கண்ணாடிக்கு முன்னால் ஒரு நாற்காலி

புதிய எலக்ட்ரானிக்ஸ் கடை திறந்த அன்று எங்கள் தெருவே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. நான் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடை முன்னால், பஸ் நிறுத்தத்தில் இருந்த சிமெண்ட் பெஞ்சைக் காணவில்லை.

மாதக்கணக்கில் அந்த இடத்தைப் பச்சைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். உள்ளே இடித்தார்கள், அறுத்தார்கள், பூசினார்கள். அதுவரை பஸ் கொஞ்சம் தள்ளி, சலூன் வாசலில் நின்றது. துணியை அவிழ்த்தால் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. அதற்குப் பின்னால் சுவர் முழுக்க டிவி. எல்லா டிவியிலும் ஒரே மீன் நீந்திக்கொண்டிருந்தது. பெஞ்ச் இருந்த இடத்தில் வழவழவென்று டைல்ஸ் பதித்துவிட்டார்கள்.

"பளபளப்பைப் பாத்தியா! நம்ம தெருவுக்கே ஒரு களை வந்துடுச்சு," என்றார் சலூன் அண்ணன்.

"பெஞ்ச் எங்க அண்ணே?"

"எந்த பெஞ்ச்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினம் காலையில் அதில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்த மனுஷன் கேட்கிற கேள்வி இது. டீக்கடைக்காரரைப் பார்த்தேன். அவர் கடை வாசலில் வைத்திருந்த பரிசுக் குலுக்கல் பெட்டியில் தன் பெயரைப் போட்டுவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து மனைவி பெயரையும் போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் பேசிப் பயனில்லை.

அந்தப் பெஞ்ச் எனக்கு வேண்டியதில்லை. நான் தையற்காரி, என் கடை நாலு வாசல் தள்ளித்தான் இருக்கிறது, எனக்கு எந்த பஸ்ஸும் பிடிக்க வேண்டாம். என் அக்காவுக்குத்தான் அது வேண்டும். சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இடது காலைப் பாதியாக்கிவிட்டுப் போனது. மெதுவாக நடப்பாள். நிற்பதுதான் ஆகாது. கொஞ்ச நேரம் நின்றாலே தொடை வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்துவிடும். எங்கள் பஸ்ஸோ மனசு வைத்தால் வரும், இல்லாவிட்டால் அடுத்த தெருவோடு திரும்பிவிடும். சலூனுக்குள் உட்கார்ந்திருந்து எழுந்து வரலாம் என்றால், பஸ் இனிமேல் பழையபடி கண்ணாடிக் கடை முன்னால்தான் நிற்கும். அக்கா வந்து சேர்வதற்குள் அது போயே போய்விடும்.

அக்கா ஆஸ்பத்திரியில் விசாரணைக் கவுண்டரில் இருக்கிறாள். வீட்டில் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். கவுண்டரில் உட்கார்ந்தால் வேறு ஆள். அழுதுகொண்டு வருகிறவர்களை உட்காரவைத்து, எந்த மாடி, எந்த வார்டு, எந்த டாக்டர் என்று பதறாமல் சொல்வாள். கத்துகிறவர்களும் அவளிடம் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஒருநாள் நானே ஒளிந்து நின்று பார்த்திருக்கிறேன். என் அக்காதானா இது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திறப்பு விழாவுக்கு மறுநாள் அவள் பஸ் நிறுத்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள். சாயங்காலம் வந்து காலை நீட்டி உட்கார்ந்தவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"இந்த மாசத்தோட வேலையை விட்டுடறேன்," என்றாள்.

"ஏன்?"

"போதும்."

அவ்வளவுதான் பேச்சு. மேற்கொண்டு கேட்டால் சுவரோடுதான் பேச வேண்டும். எண்ணெய் தேய்த்துவிட்டேன். கால் கல்லாக இறுகிப்போயிருந்தது. ஒரு கடைக்காரன் கண்ணாடி போட்டதற்காக என் அக்கா வீட்டுக்குள் முடங்குவதா? அது நடக்காது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

காலையில் நேராகக் கடை மேனேஜரிடம் போனேன். இஸ்திரி கலையாத சட்டை போட்ட சின்னப் பையன். தண்ணீர் கொடுத்தான், மேடம் என்றான், மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

"பெஞ்ச் எங்க இடத்துக்குள்ள இருந்தது மேடம். அங்க ஆள் உட்கார்ந்தா டிஸ்ப்ளே மறைஞ்சிடும்."

"மீனைத்தானே மறைக்கும்? மறைச்சா அது செத்தா போயிடும்?"

"மேலிடத்து முடிவு மேடம். உங்களுக்கு மிக்ஸி ஏதாவது பார்க்கறீங்களா?"

வெளியே வந்தேன். என் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து கம்பத்துக்குப் பக்கத்தில் போட்டேன். பஸ்ஸுக்கு வந்த அக்கா அதைப் பார்ப்பதற்கு முன்பே வாசல் காவலாளி வந்து தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த ஆளுக்கு நான் 'விறைப்பு' என்று பெயர் வைத்திருந்தேன். நீலச் சீருடை, இரும்புக் கம்பி மாதிரி முதுகு. சிரிக்கமாட்டார், பேசமாட்டார், கதவைத் திறப்பார், மூடுவார், நாற்காலியைத் தூக்குவார்.

மறுநாள் இன்னொன்று போட்டேன். அதுவும் போனது. என்னிடம் இருந்தவை தீர்ந்ததும் சலூனுக்குப் போய், அக்கா வேலையை விடப்போகும் கதையைச் சொல்லி நன்றாகக் கத்தினேன். சலூன் அண்ணன் முகம் சுருங்கிவிட்டது.

"அந்தம்மாவா? எங்கப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப அவங்கதானே எல்லாத்துக்கும் வழி சொன்னாங்க. என் நாற்காலியை எடுத்துட்டுப் போ. எவன் தூக்கறான்னு பாத்துடலாம்."

தூக்கினார்கள். டீக்கடை ஸ்டூலையும் தூக்கினார்கள்.

சலூன் அண்ணன் தன் நாற்காலியை மீட்டு வருகிறேன் என்று வரிந்துகட்டிக்கொண்டு உள்ளே போனார். நானும் வாசலில் காத்திருந்தேன். வெளியே வந்தபோது கையில் நாற்காலி இல்லை. டிரிம்மர் இருந்தது.

"ஆஃபர் போட்டிருக்கான்," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஸ்டூலை மீட்கப் போன டீக்கடைக்காரர், தண்ணீர் கொதிக்கவைக்கிற கெட்டிலோடு வந்தார். டீ விற்கிற மனுஷனுக்குக் கெட்டில் எதற்கு என்று அவர் மனைவி தெருவில் வைத்தே கேட்டாள். சலூனில் ஆட்கள் நின்றுகொண்டு முறைக்குக் காத்திருந்தார்கள், டீக்கடையில் நின்றுகொண்டு குடித்தார்கள். எங்கள் தெருவின் நாற்காலிகள் எல்லாம் அந்தக் கடையின் பின்கட்டில் அடுக்காக நின்றன. இப்படிப்பட்ட படையை வைத்துக்கொண்டு நான் யாரோடு மோதுவது?

இதற்கெல்லாம் நடுவில் அக்கா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தாள். காவலாளி அசந்திருந்த ஒருநாள் நாற்காலி வெகுநேரம் அங்கேயே கிடந்தது. அன்றும் அவள் உட்காரவில்லை.

"உட்கார்ந்து தொலையேன் அக்கா! உனக்காகத்தானே இந்தப் பாடு?"

"உட்கார்ந்தா அந்த ஆளு வந்து எழுந்திரிங்கம்பாரு. இத்தனை பேர் நடுவுல அதை வேற நான் கேட்கணுமா?"

மாதம் முடியப்போகிறது. கடைசியாக மிஞ்சியது என் தையல் மெஷின் முன்னால் கிடக்கும் மர நாற்காலி. வெட்டுத்துணியில் நானே மெத்தை தைத்துப் போட்டது. அது போனால் துணி மூட்டைமேல் உட்கார்ந்துதான் தைக்க வேண்டும். தைத்துக்கொள்கிறேன் என்று அதையும் கொண்டுபோய்ப் போட்டேன். இந்தத் தடவை நகரவில்லை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். நல்ல கெட்ட வார்த்தைகளாக நாலு எடுத்து நாக்கு நுனியில் வைத்திருந்தேன்.

அக்கா கம்பத்துக்கு வந்து சேர்ந்தாள். விறைப்பும் வந்தார். நாற்காலியின் முதுகில் கை வைத்தார்.

"உங்களுக்கு எந்தக் கால்?" என்றாள் அக்கா.

அவருக்குப் புரியவில்லை. "என்னம்மா?"

"வலிக்கிறது எந்தக் கால்? நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். இந்தப் பக்கம் கொஞ்ச நேரம், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்னு பாரத்தை மாத்திக்கிறீங்க. சுவத்துல கூட சாயறதில்ல."

"சாயக்கூடாதும்மா. கேமரா இருக்கு." அவர் குரல் இறங்கியது. "வலது குதிகால். காலையில தரையில வைக்கவே முடியல."

"உள்ள ஒரு ஸ்டூல் கேட்கறதுதானே?"

"கேட்டேன். வாசல்ல நிக்கிறவனுக்கு எதுக்கு ஸ்டூல்னுட்டாங்க."

நான் எடுத்து வைத்திருந்த நாலு வார்த்தையையும் விழுங்கிக்கொண்டேன். தினம் அந்த ஆளைத் திட்டியிருக்கிறேன். அவர் நிற்கிறார் என்பது என் கண்ணில் பட்டதே இல்லை.

"இதுல நீங்க உட்காருங்க," என்றாள் அக்கா.

"ஐயோ, வேலை போயிடும்மா."

அவர் உட்காரவில்லை. ஆனால் நாற்காலியிலிருந்து கையை எடுத்துவிட்டார். பேசாமல் போய்க் கதவோரம் நின்றுகொண்டார்.

கேமராவில் பார்த்திருப்பான் போல, மேனேஜர் வெளியே வந்தான். "நாற்காலியை ஏன் இன்னும் எடுக்கலை?"

விறைப்பு நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவங்க உட்கார்ந்திருக்காங்க சார்."

அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவரைப் பார்த்தாள். கம்பத்தை விட்டாள், காலை இழுத்து ஓர் எட்டு வைத்தாள், என் மெத்தைமேல் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"மேடம், ப்ளீஸ், எழுந்திருங்க," என்றான் மேனேஜர்.

"பஸ் வந்ததும் எழுந்திருக்கிறேன் தம்பி. அதுக்கு முன்னால மாட்டேன். நாளைக்கும் வருவேன், நாளைக்கும் உட்காருவேன்."

அது அவளுடைய கவுண்டர் குரல். பதற்றமில்லாமல், தெளிவாக, ஒரு தடவை மட்டும் சொல்கிற குரல்.

மேனேஜர் காவலாளியிடம் திரும்பினான். "எடுங்க அதை."

"உட்கார்ந்திருக்கிறவங்களை எழுப்பச் சொல்லாதீங்க சார். அது என்னால ஆகாது."

அதற்குள் தெரு கூடிவிட்டது. சலூன் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கடைக்குள் போனார். "யாராவது ஆஃபர்னு வாயைத் திறந்தீங்க, தெரியும் சேதி!" என்று அவர் கத்துவது வெளியே கேட்டது. டீக்கடைக்காரர் மனைவி தன் கணவரை நிறுத்திவிட்டுத் தானே உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் பின்கட்டு நாற்காலிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கண்ணாடியை ஒட்டி வரிசையாகப் போட்டோம். மீனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு வராதவர்களும் உட்கார்ந்தார்கள். மேனேஜர் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டான். அந்தப் பக்கம் எடுக்கவில்லை போலிருக்கிறது, உள்ளே போய்விட்டான்.

பஸ் வந்தது. அக்கா எழுந்து ஏறிப் போனாள்.

சாயங்காலம் அவள் கால் நீட்டி உட்கார்ந்ததும் நான் மெதுவாக ஆரம்பித்தேன். "அந்த வேலையை விடற கதை என்னாச்சு?"

"எந்தக் கதை?" என்றாள். பிறகு, "நாளைக்கு உன் மெத்தை நாற்காலியைக் கதவோரமா போடு," என்றாள்.

"அங்க எதுக்கு? உனக்குத் தூரமாயிடுமே."

"எனக்கில்ல."

காலையில் கதவோரம் போட்டேன். விறைப்பு அதைப் பார்த்தார், மேலே இருந்த கேமராவைப் பார்த்தார், அசையவில்லை. சலூன் அண்ணன் தன் பெரிய குடையை விரித்துக் கேமராவுக்கு நேராக உயர்த்திப் பிடித்தார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. "கை வலிக்குது, சீக்கிரம்," என்றார்.

அக்கா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் டீக்கடை ஸ்டூல் காலியாகத்தான் இருந்தது.

"உட்காரு அக்கா," என்றேன்.

"அவர் உட்காரட்டும்," என்றாள். அவள் தொடை நடுங்க ஆரம்பித்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, குடைக்கு அடியில் மெதுவாக உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் அக்கா உட்கார்ந்தாள்.