ஜமீனின் மேல்தாடை

பல்செட் செய்யும் லேபில் வேலை பார்ப்பவள் வீட்டில் வேறு என்ன கிடக்கும்? பல்தான் கிடக்கும். ஆகவே என் நியூட்டுக்கு வீடு கட்டியபோது நான் பல்லால் கட்டினேன். தச்சராக இருந்திருந்தால் பலகையால் கட்டியிருப்பேன், அவ்வளவுதான்.

நியூட் பார்வைக்குப் பல்லி மாதிரி இருக்கும், ஆனால் சொந்தம் என்னவோ தவளைக்குத்தான். முதுகு கறுப்பு, வயிறு ஆரஞ்சு. கொஞ்ச நாள் தண்ணீரிலேயே கிடக்கும். பிறகு யாரோடோ கோபித்துக்கொண்டதுபோல் கரையேறி உட்கார்ந்துகொள்ளும். லேபில் என் பக்கத்து மேசைக்காரி வேலையை விட்டுப் போகும்போது, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அதை என் தலையில் கட்டிவிட்டாள். நிலமும் வேண்டும் நீரும் வேண்டும் என்று கேட்கிற பிறவிக்கு ஜமீன் என்று பெயர் வைத்தேன்.

ஹாலில் வெயில் எட்டிப் பார்க்காத மூலையில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி வைத்தேன். நடுவில் ஒரு கண்ணாடித் துண்டைச் சாய்வாக ஒட்டி, இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் தரை என்று பாகம் பிரித்தேன். குழாய்த் தண்ணீர் துரைக்கு ஆகாது. வாளியில் பிடித்துக் குளோரின் போகும்வரை வைத்திருந்துதான் ஊற்ற வேண்டும். புழுக்கமான நாளில் ஐஸ் பாட்டில் மிதக்கவிட வேண்டும். கண்ணாடிச் சுவரிலேயே ஏறி வெளிநடப்புச் செய்கிற ஆள் என்பதால் வலைமூடிக்கு நாலு பக்கமும் கிளிப். எனக்கு என் அம்மா இவ்வளவு பார்த்துச் செய்ததில்லை.

தரைக்குத்தான் பல். லேபில் வேலை முடிந்த பிளாஸ்டர் அச்சுகளைக் குப்பையில் கொட்டுவார்கள். மேல்தாடை, கீழ்த்தாடை, பாதித்தாடை என்று ஒரு மூட்டை அள்ளிவந்தேன். பிளாஸ்டர் ஈரத்தில் கரையும் என்பதால் ஒவ்வொன்றையும் எபாக்ஸி பூசிக் காயவைத்துப் படிப்படியாக அடுக்கினேன். கடைவாய்ப் பற்களுக்கு நடுவில் பாசி வைத்தேன். உச்சியில், எனக்கு மிகவும் பிடித்த ஒரு மேல்தாடை.

அதற்கு ஒரு கதை உண்டு. பற்களைப் பிடுங்குவதற்கு முன்பே எடுத்த அச்சு அது. டாக்டர் சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: இருக்கிற பல்லை அச்சு அசலாக அப்படியே செய்ய வேண்டும், வீட்டில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியக் கூடாது. இடது கோரைப்பல் பக்கத்துப் பல்லின் மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. முன்னால் ஒரு சந்து. நேர்ப்பல்லை யார் வேண்டுமானாலும் அடுக்குவார்கள். கோணல் பல்லைக் கோணலாகவே வைப்பதற்குத்தான் கை வேண்டும். செய்து முடித்ததும் எனக்கே கர்வமாக இருந்தது. யாருடையது என்று தெரியாது, எங்களுக்கு வருவது வெறும் நம்பர். ஜமீனுக்கும் அந்தத் தாடைதான் பிடித்தது. அண்ணத்தின் குழிவுக்குள் சுருண்டு, கோரைப்பல்லில் தலை வைத்துத் தூங்கும்.

இப்படி ஜமீனும் நானும் சௌக்கியமாக இருந்தபோதுதான் என் கல்யாணப் பேச்சு வந்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கட்டட லிஃப்டில் நான் மாட்டிக்கொண்டபோது வெளியே நின்று தைரியம் சொல்லிக்கொண்டே இருந்தவன், கதவு திறந்த பிறகும் பேச்சை நிறுத்தவில்லை. எல்லாம் முடிவாகிவிட்டது, அவன் அம்மா தலையசைப்பதைத் தவிர. அவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கல்யாணத்துக்குப் பிறகு அவரோடுதான் இருக்கப் போகிறோம். அவர் வேண்டாம் என்றால் தன்னால் மீறி வர முடியாது என்று அவன் முன்பே சொல்லிவிட்டான். அம்மாவுக்கு ஊர்கிற எதுவும் ஆகாது, அதனால் தொட்டியை எங்காவது தள்ளிவிடச் சொன்னான். தண்ணீரோடு மூன்றடித் தொட்டியை எங்கே தள்ளுவது, உன் லிஃப்டிலா என்று கேட்டேன். கடைசியில், அது அலங்காரத் தோட்டம் என்று அம்மாவின் காதில் பூ சுற்றி வைத்திருந்தான்.

அத்தை அவனோடு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே வீட்டின் பிரேக், கிளட்ச் எல்லாவற்றையும் கண்ணால் சோதித்துவிட்டார். நான் டீயோடு கொட்டை வைத்த சாக்லேட் ஒரு தட்டு கொண்டுவந்து வைத்தேன். அது என் குசும்பு. தன் மகன் பிறந்ததிலிருந்து இனிப்பைத் தொட்டதில்லை என்பது அத்தையின் பெருமை என்று எனக்குத் தெரியும். எதிர்பார்த்தபடியே தட்டைப் பார்த்ததும் ஆரம்பித்தார். தானும் வாழ்நாளில் இனிப்பு தொட்டதில்லை என்றும், அதனால்தான் இந்த வயதிலும் முப்பத்திரண்டும் சொந்தப் பல் என்றும் சொல்லி, சாட்சிக்கு ஒருமுறை வாய் நிறையச் சிரித்துக் காட்டினார்.

முன்னால் சந்து. இடது கோரைப்பல் கால்மேல் கால் போட்டிருந்தது.

என் வேலை எனக்குத் தெரியாதா? டீ கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். அதற்குள் அத்தை தோட்டத்தைப் பார்க்கிறேன் என்று தொட்டியருகே போய்க் குனிந்தார். பாசியைப் பார்த்தார், படிகளைப் பார்த்தார். உச்சியைப் பார்த்ததும் அவர் கை தானாக வாயை மூடியது. அந்த நேரம் பார்த்து ஜமீன் அவருடைய மேல்தாடைக்குள்ளிருந்து தலையை நீட்டியது.

நான் அலறலை எதிர்பார்த்தேன். அவன் அதைவிட மோசமாக எதிர்பார்த்து எழுந்தே நின்றுவிட்டான். அத்தை நிதானமாகத் திரும்பி, கார் கண்ணாடியை ஏற்றினேனா என்று நினைவில்லை, போய்ப் பார்த்துவிட்டு வா என்று அவனைக் கீழே அனுப்பினார். கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் பேசினார்.

"இது யாரோட பல்லும்மா?"

"யாரோடதுன்னு தெரியாது அத்தை. எங்களுக்குப் பேர் வராது, நம்பர்தான் வரும்." கொஞ்சம் விட்டு, "ஆனா அதைப் பாத்து செட் செஞ்சது நான்தான்" என்றேன்.

அத்தை சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டமாக இருந்தது. சம்மதம், கல்யாணத் தேதி, ஜமீனுக்கு அவர் வீட்டில் நல்ல மூலை, எல்லாவற்றையும் அந்த ஒரு கோரைப்பல்லை வைத்தே கறந்துவிடலாம். நான் வாயே திறக்க வேண்டியதில்லை, தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தால் போதும்.

ஆனால் அத்தை மிரட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. கார் டேஷ்போர்டில் சாக்லேட் ஒளித்துவைத்து, பாடத்துக்கும் பாடத்துக்கும் நடுவில் தின்றே எல்லாப் பல்லையும் தொலைத்த கதையைச் சொன்னார். மகன் வேலையாக வெளியூர் போயிருந்த சமயம் பார்த்து, பழையதைப் பிடுங்கிய அன்றைக்கே புதியதை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாராம்.

"சட்டை எடுக்கறதுக்கும் என்னைக் கேக்கறதில்ல, வேலை மாத்தறதுக்கும் கேக்கறதில்ல. நாளைக்கு உன் பேச்சைத்தான் கேப்பான், அது நியாயம்தான். இந்த இனிப்பு விஷயம் ஒண்ணுலதான் இன்னும் அம்மா சொன்னா சரியா இருக்கும்னு நிக்கறான். அதுவும் போச்சுன்னா எனக்குன்னு என்னம்மா இருக்கு?"

எனக்குப் பாவமாக இருந்தது. என் கொண்டாட்டத்தை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. தாடையை எடுத்துவிடட்டுமா என்று கேட்டுக்கொண்டே மூடியின் கிளிப்பைத் திறந்தேன். அத்தை பக்கத்தில் வந்து நின்றார். ஜமீன் அண்ணத்தில் வயிற்றைப் பரப்பிக் கண்ணை மூடியிருந்தது. அதை எழுப்ப வேண்டாம், பாசியை மட்டும் கொஞ்சம் ஏற்றி வை என்றார். நான் ஒரு கொத்து வைத்தேன். போதவில்லை என்று அவரே விரலை விட்டு, தன்னுடைய கோரைப்பல்லின் மேல் பாசியை அழுத்தினார். ஜமீனைத் தொட்டிருந்தால் கை கழுவ வேண்டும் என்று சொன்னேன். கழுவிவிட்டு வந்தார்.

அவன் மேலே வந்தான். கண்ணாடி ஏற்றித்தான் இருந்ததாம். யாராவது ஒருவர் அழுதுகொண்டிருப்போம் என்று நினைத்து வந்தவனிடம் அத்தை, "கல்யாணத்துக்கு நாள் பாருங்க. அந்த ஜமீனும் நம்ம வீட்டுக்குத்தான் வருது. வெயில் படாத மூலை என் ரூம்லதான் இருக்கு" என்றார்.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு மட்டும் சந்தோஷம் பாதியில் நின்றது. இதைப் பிரியத்தில் சொன்னாரா, பயத்தில் சொன்னாரா? கேட்கவா முடியும்? பயத்தில் கிடைத்த சம்மதத்தோடு ஒரே வீட்டில் எப்படிக் குடித்தனம் நடத்துவது?

அவனோ சந்தோஷத்தில் துணிந்துவிட்டான். இன்றைக்கு ஒரு நாள் விடும்மா, ஒன்றே ஒன்று என்று சொல்லித் தட்டிலிருந்து சாக்லேட்டை எடுத்தான். அத்தை வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார். நான் அங்கே நிற்பதால் மட்டும்தான் அந்த வாய் மூடியது என்பது எனக்குப் புரிந்தது.

நான் எழுந்து போய் அவன் கையிலிருந்த சாக்லேட்டைப் பிடுங்கித் தட்டில் போட்டேன். தனியாக இருக்கும்போது வா போ என்று பேசுகிறவள், அம்மா முன்னால் மரியாதையாகவே சொன்னேன்.

"இனிமே இது என் வீட்டுலயும் கிடையாது. உங்க அம்மா பல்லைப் பாருங்க, எப்படி இருக்குன்னு. தொழில்காரி சொல்றேன், இந்த மாதிரி பல்லு லட்சத்துல ஒருத்தருக்குத்தான் அமையும்."

அவன் பார்த்தான். அத்தையும் வேறு வழியில்லாமல் காட்டினார். அவன் முகம் சுருங்கிப் போய் டீயை எடுத்துக்கொண்டான். அத்தை சட்டென்று தட்டைத் தூக்கி, இது அவன் கண்ணில் படவே கூடாது என்று சொல்லிக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

கோப்பைகளை எடுத்துக்கொண்டு நான் பின்னால் போனபோது, அத்தை ஃபிரிட்ஜ் மறைவில் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். ஒரு கன்னம் உப்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் தட்டை என் பக்கம் நீட்டினார். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அவர் காதருகே குனிந்து, "ஒரே பக்கமா மெல்லாதீங்க அத்தை, செட்டு ஆடும். ரெண்டு பக்கமும் சமமா மெல்லுங்க" என்றேன்.