வளர்த்திக்கு வாங்கிய காற்சட்டை

பாலேந்திரனுக்கு எந்த உடுப்பையும் இரண்டு அளவு பெரிதாக வாங்கினால்தான் நித்திரை வரும். பிள்ளைகள் வளருகிற காலத்தில் அது சரி. அவர்கள் இங்கே சுவிஸிலேயே வளர்ந்து வின்டர்தூர் நகருக்கு வேலைக்கும் போய்விட்டார்கள், மனுசன் மாறவில்லை. வேலையிடத்துப் பெண்களோடு, பலகையில் நின்று பனியில் சறுக்கும் ஸ்னோபோர்ட் பழகப் போகிறேன் என்று மனைவி பரமேஸ்வரி சொன்னபோது சிரித்துவிட்டு, மலிவு விற்பனையில் ஒரு காற்சட்டை வாங்கிக் கொடுத்தார். அதற்குள் இரண்டு பரமேஸ்வரி நிற்கலாம்.

அவளும் விடவில்லை. இடுப்பில் பாவாடை நாடாவைக் கோர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். இத்தனை வருசம் சேலையைத் தாங்கிய நாடா, பலகையில் சப்பாத்தைப் பூட்டக் குனிந்ததும் அறுந்தது. காற்சட்டை முழங்காலுக்கு இறங்கிவிட்டது. சுற்றிவரச் சின்னப் பிள்ளைகள் வேறு. அந்த வெட்கத்தைப் புருசனிடம் மட்டும்தான் சொன்னாள். அவரோ தன் அக்கா குணேஸ்வரி வீட்டில் அதை நடித்தே காட்டினார். இனி இவள் மலைப் பக்கம் தலை வைத்தும் படுக்கமாட்டாள் என்று தீர்ப்பும் சொன்னார். குணேஸ்வரி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பரமேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாளைக்கு அடுத்த வகுப்பு. இன்றைக்குச் சரியான காற்சட்டை கிடைக்காவிட்டால் அவர் சொன்னதுதான் நடக்கும். லாங்கன்தால் நகரில் இருந்த விளையாட்டுச் சாமான் கடைக்கு அவள் புறப்பட, புதினம் பார்க்க அக்கா குணேஸ்வரியும் தம்பி பாலேந்திரனும் கூடவே வந்தார்கள்.

கடையில் நின்ற பெண் பொறுமைசாலி. பலகைக்காரர் பனியில் அடிக்கடி குந்துவார்கள், அதனால் பின்பக்கத்திலும் முழங்காலிலும் துணி இரட்டையாக இருக்கவேண்டும் என்றாள். தையலுக்கு மேலே தண்ணீர் புகாத நாடா ஒட்டியிருப்பதைக் காட்டினாள். கால் நீளம் குதிக்காலுக்குக் கீழே போனால் பலகையின் விளிம்பு கிழித்துவிடுமாம். குணேஸ்வரி அந்தத் துணியை விரலால் உரசி உரசிப் பார்த்தாள்.

பரமேஸ்வரி தன் அளவில் ஒன்றைப் போட்டுக்கொண்டு உடுப்பு மாற்றும் அறையிலிருந்து வெளியே வந்தாள். கடை நடுவிலேயே குந்தினாள், எழும்பினாள், ஒரு காலை மடக்கி மறுபடியும் குந்தினாள். இடுப்பு அசையவில்லை. ஆட்கள் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

பாலேந்திரன் பெரிய கறுப்புக் காற்சட்டை ஒன்றை நீட்டினார். இது உடம்போடு பிடிக்கிறது, கோயில் சனம் கண்டால் என்ன நினைக்கும், வளர்த்திக்கு இதை எடு என்றார்.

"நாப்பத்தெட்டு வயசில இனி எங்க வளரப் போறன்?" என்றாள் பரமேஸ்வரி. "நான் ரெண்டாந்தரம் போகக்கூடாது எண்டுதானே உங்களுக்கு விருப்பம்?"

அவர் கையிலிருந்ததை மடித்தார், விரித்தார். கடைசியில், விழுந்து காலை முறித்தால் யார் பார்ப்பது என்று முணுமுணுத்தார்.

"விழுவன்தான். விழுந்து எழும்பத்தான் இதை வாங்கிறன். என்ர வெட்கத்தை எடுத்து இனி ஒரு வீட்டிலயும் நடிச்சுக் காட்டாதேங்கோ."

ஒருவரும் சிரிக்கவில்லை. பரமேஸ்வரி அதைக் கழற்றாமலே காசு கட்டப் போனாள். மச்சாள் குணேஸ்வரி பின்னாலேயே வந்து, தன் கைப்பையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, அவளின் கையைப் பிடித்தாள்.

"பரமேசு, உதில என்ர அளவு இருக்கோ எண்டு அந்தப் பிள்ளையிட்டக் கேள்."