ஜே வரிசை, நாற்பத்திரண்டாம் இருக்கை

மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிய மூன்றாவது நிமிடத்தில் வெஸ்லிக்குத் தெரிந்துவிட்டது, ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று.

என்ன தப்பு என்றுதான் தெரியவில்லை. தெருமுனையில் விற்றவன் சிரித்த முகமாகத்தான் கொடுத்தான். ஒரு பாதி மஞ்சளும் கறுப்பும். அது ஸ்கெல்பி டவுன். மறுபாதி நீலம், அது ஏழு மைல் தள்ளியிருக்கும் தோர்லி. நடுவில் இன்றைய தேதி. இரண்டு ஊரும் கால்பந்தில் மோதுகிற நாளுக்கு இதைவிட மரியாதையான ஞாபகப்பொருள் இருக்க முடியுமா? ஆனால் மஞ்சள் சட்டைக்காரர்கள் அவனைத் தாண்டும்போது கழுத்தைப் பார்த்தார்கள், பிறகு முகத்தைப் பார்த்தார்கள், பிறகு அவசரமாக வேறு எங்கோ பார்த்தார்கள். கால்சட்டை பின்பக்கம் கிழிந்தவனைப் பார்ப்பதுபோல. பர்கர் வண்டி வரிசையில் நின்ற ஒருவருக்கு மட்டும் பொறுக்கவில்லை.

"என்ன தம்பி, கல்யாணத்துக்கு வந்தியா? ரெண்டு வீட்டுக்கும் சொந்தமோ?"

வரிசையே சிரித்தது. எதற்கென்று புரியாமல் வெஸ்லியும் சிரித்து வைத்தான்.

அமெரிக்காவில் ஒஹாயோவிலிருந்து இங்கே வந்து ஆறு மாதம் ஆகிறது. மனைவி கெர்ரியின் ஊர் இது. பிஸ்கட் தொழிற்சாலையில் குளிர்சாதன இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சேர்ந்த முதல் நாள் அவன் பெயரைக் கேட்பதற்கு முன்னால் அவர்கள் கேட்டது, "எந்த டீமு?" என்றுதான். அன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டான். நாலு அணிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். ஜெயித்தது எத்தனை, தோற்றது எத்தனை, முதலாளி எப்படிப்பட்டவர், அடுத்த ஐந்து வருடத்தில் உருப்படுமா. ஒரு ஞாயிறு சிவப்புச் சட்டை போட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தான். அடுத்த ஞாயிறு வெள்ளை. எதிலும் உடம்பு ஒட்டவில்லை. பாட்டு நடுவில் சேனல் மாற்றிக்கொண்டே இருப்பவனைப்போல ஒரு பரபரப்பு. தொழிற்சாலையில் கிரெய்க் அவனுக்கு 'வாடகைக்காரன்' என்று பட்டம் கட்டிவிட்டான். ஒரு விதத்தில் நிஜம். முப்பத்தொன்பது வயதில் ஏழு ஊர் மாறியவன் வெஸ்லி.

இன்று காலையில்தான் கெர்ரி விஷயத்தை உடைத்தாள். இரவு ஷிப்ட் முடிந்து வந்தவள், கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்று பேசினாள்.

"அம்மா உன்ன மேட்சுக்குச் சும்மா கூப்பிடல, வெஸ். அப்பா சீட்டுக்கு திங்கக்கெழம கடைசி நாளு. ஆள் உக்காராத சீட்ட கிளப்பே திருப்பி எடுத்துக்குமாம், லெட்டர் வந்திருக்கு. யார் பேரயாவது எழுதிக் குடுக்கணும்."

"என் பேரையா? அவங்க எங்கிட்ட கேக்கவே இல்லையே."

"கேக்க மாட்டாங்க. செத்தாலும் கேக்க மாட்டாங்க. நீயாதான் சொல்லணும்."

"நீயே உக்காரலாமே?"

"அஞ்சு வருசம் அந்தக் குளிர்ல இழுத்துட்டுப் போனாங்க. என் பங்கு முடிஞ்சுது." அவள் குரல் இறங்கியது. "தெரியாத ஒருத்தன் வந்து அப்பா எடத்துல உக்காந்தா, அம்மா அப்புறம் மேட்சுக்கே போக மாட்டாங்க. வீட்ட விட்டு அவங்க கெளம்புறதே அதுக்கு மட்டுந்தான். ஆனா ஒண்ணு, பேரு எழுதுனா ஆயுசுக்கும். அடுத்த வருசம் வேற டீமுன்னு வந்து நிக்காத."

ஆயுசுக்கும். அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டுதான் வெஸ்லி காரைத் தள்ளி நிறுத்திவிட்டு மைதானத்துக்கு நடந்து வந்தான். வழியில் கண்ணில் பட்ட மஃப்ளர், இரண்டு பக்கமும் இருந்ததால், அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

சுழல்கதவு அருகே மாமியார் பாலின் காத்திருந்தார். அறுபத்தெட்டு வயது. மழைக்கோட்டு, மஞ்சள் கம்பளித் தொப்பி, தோளில் பெரிய கறுப்புக் கைப்பை. மாப்பிள்ளையின் கழுத்தைப் பார்த்தார். ஒரு வினாடி. இரண்டு வினாடி.

"குளுருதா கண்ணு?"

"இல்லயே, நல்லாத்தான் இருக்கு."

"அப்பக் கழட்டு."

அவ்வளவுதான். கழற்றிக் கோட்டுப் பைக்குள் திணித்தான். பாலின் அதைப் பற்றி மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

ஜே வரிசை. நாற்பத்தொன்று பாலினுடையது. நாற்பத்திரண்டு அவர் கணவர் ஜெஃப்புடையது. சினிமா கொட்டகையில் இருப்பதுபோல, எழுந்தால் தானாக மடங்கி நிற்கும் இருக்கைகள். பாலின் மடங்கியிருந்த நாற்பத்திரண்டைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணால் அவனுக்குச் சைகை காட்டினார். அவன் உட்காரும்வரை கையை எடுக்கவில்லை. பிறகு கைப்பையைத் தன் காலடியில் வைத்தார்.

அந்த வட்டாரமே சட்டென்று அமைதியானது. பின் வரிசையிலிருந்து தடித்த ஒருவர் குனிந்தார்.

"பாலின், பைய கீழ வச்சுட்டியா?"

"வச்சுட்டேன், நார்மன்."

"இது யாரு?"

"கெர்ரி புருசன்."

"அமெரிக்காக்காரனா?"

"அவனையே கேளு. வாயி இருக்கு."

நார்மன் வெஸ்லியின் காதருகே வந்தார். பேச்சில் பீர் வாசம். "ரெண்டு வருசமா அந்தப் பைதான்பா இந்த சீட்டுல. ஜெஃப் போனதுலேர்ந்து. சீட்டு மடங்கி நிக்கிறத அவளால பாக்க முடியல. பையும் ஃபிளாஸ்க்குமா பாரத்த வச்சு அமுக்கிடுவா. நல்ல பையி. ஜெஃப் மாதிரி கத்தாது."

வெஸ்லிக்குக் கீழே இருக்கை திடீரென்று சூடானது போலிருந்தது.

பதினாலாவது நிமிடத்தில் தோர்லி ஒரு கோல் போட்டது. முப்பதில் இன்னொன்று. எதிர்மூலையில் நீலச் சட்டைக்காரர்கள் துள்ளிக் குதித்தார்கள். இங்கே நாலாயிரம் பேர் ஒரே குரலில் நடுவரின் கண்பார்வையைச் சந்தேகித்தார்கள். இடைவேளையில் பாலின் ஃபிளாஸ்க்கைத் திறந்து இரண்டு கோப்பையில் டீ ஊற்றினார். இரண்டாவது கோப்பையின் விளிம்பு லேசாக உடைந்திருந்தது. அதைத்தான் அவனிடம் நீட்டினார்.

நார்மன் சும்மா இருக்கவில்லை. "அது சரி, எந்த டீமுப்பா உனக்கு?"

இதுதான் சமயம். 'டவுன்' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. ஆனால் கணக்குப் போடும் புத்தி முந்திக்கொண்டது.

"இன்னும் முடிவு பண்ணல, சார். நாலு டீம் பரிசீலனைல இருக்கு."

மூன்று வரிசை வெடித்துச் சிரித்தது. நார்மனுக்குக் கண்ணில் தண்ணீர். "பரிசீலனையாம்! ஏம்ப்பா, சோபாவா வாங்கப் போற? உக்காந்து பாத்து, அமுக்கிப் பாத்து எடுக்க?"

பாலின் மட்டும் சிரிக்கவில்லை. டீயை ஊதி ஊதிக் குடித்தார். அவரது கைப்பையின் வாய் திறந்திருந்தது. கிளப் அனுப்பிய கடிதம் உள்ளே மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் ஒரு பேனா. வெஸ்லி பார்த்ததை அவரும் பார்த்தார். நிதானமாகக் குனிந்து ஜிப்பை இழுத்து மூடினார்.

இரண்டாம் பாதி ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆகியும் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. முழங்கால் தானாக ஆடியது. சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது.

"எனக்கும் ஒரு டீம் இருந்துது, பாலின். ஒம்போது வயசுல. எங்க ஊரு டீமு."

"என்னாச்சு?"

"போயிடுச்சு."

"கீழ்ப் பிரிவுக்கு எறங்கிடுச்சா?"

"இல்ல. ஊர விட்டே போயிடுச்சு. முதலாளி வித்துட்டாரு. ரெண்டாயிரம் மைல் தள்ளி வேற ஊருக்குக் கொண்டுபோயிட்டாங்க."

பாலின் முதல்முறையாக ஆட்டத்திலிருந்து கண்ணை எடுத்தார். "ஊரோட டீமு எப்படி கண்ணு ஊர விட்டுப் போகும்?"

"லாரில ஏத்துனாங்க. சட்டை, கோப்பை, புல்லு வெட்டுற மிஷின் வரைக்கும். நான் சைக்கிள்ல நின்னு பாத்துட்டு இருந்தேன். மைதானம் இருந்த எடம் இப்ப கார் நிறுத்துற எடம்."

"ஊருல யாரும் குறுக்க படுக்கலியா?"

"அடுத்த வருசம் எங்கப்பா வேற டீமுக்குக் கை தட்டுனாரு."

பாலின் குனிந்தார். பையின் ஓரத்து அறையிலிருந்து ஒரு புதினா மிட்டாயை எடுத்துக் கொடுத்தார். அவன் காகிதத்தைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்கெல்பியின் தடுப்பாட்டக்காரன் ஒருவன், யாரும் துரத்தாமலே, பந்தைத் தன் சொந்த வலைக்குள் உருட்டிவிட்டான். மூன்றுக்குப் பூஜ்யம். தலையில் கை வைத்துக்கொண்ட நாலாயிரம் பேருக்கு நடுவே பாலின் சொன்னார்:

"இது எங்கயும் போகாது கண்ணு. இத எவன் வாங்குவான்?"

வெஸ்லி வாய்விட்டுச் சிரித்தான். ஆறு மாதத்தில் அப்படிச் சிரித்ததில்லை. அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எண்பதாவது நிமிடம். ஆட்கள் கிளம்ப ஆரம்பித்தார்கள். ஒருவர் எழ, டப் என்று இருக்கை மடங்கும். இன்னொருவர் எழ, இன்னொரு டப். அந்தச் சத்தம் வரிசை வரிசையாகப் பரவியது. வெஸ்லியின் கால் ஆட்டம் அதிகமானது. ஒஹாயோவில் மூளையுள்ள யாரும் கடைசிவரை உட்காருவதில்லை. காரை எடுத்து நெரிசலுக்கு முன் சாலையைப் பிடிப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

"போலாமா பாலின்? லேட்டானா வெளிய மாட்டிக்குவோம்."

"நீ போ கண்ணு. நான் இருந்துட்டு வரேன்."

குரலில் கோபமே இல்லை. அதனால் அவன் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டான். அந்த ஊரில் பிறந்த எவனும் அந்த வாக்கியத்தைக் கேட்டு எழுந்திருக்க மாட்டான். வெஸ்லி எழுந்தான்.

டப்.

படிகளில் ஏறினான். ஒன்று, இரண்டு, பத்து, இருபது. மேலே வாசலருகே நின்று கார் சாவிக்காகக் கோட்டுப் பைக்குள் கைவிட்டான். வழியை அடைக்கிறோமே என்று ஒதுங்கியபோது, தற்செயலாகத் திரும்பிப் பார்த்தான்.

கீழே பாதி இருக்கைகள் மடங்கிக் கிடந்தன. மூடிய வாய்கள்போல. ஜே வரிசையில் மஞ்சள் தொப்பி அசையாமல் இருந்தது. முகம் மைதானத்தைப் பார்த்தபடி. இடதுகை மட்டும் பக்கவாட்டில் நீண்டு, நாற்பத்திரண்டாம் இருக்கையை அழுத்திப் பிடித்திருந்தது. கைப்பை காலடியிலேயே கிடந்தது. அதை எடுத்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

வெஸ்லி இறங்க ஆரம்பித்தான்.

மேலே ஏறும் கூட்டத்துக்கு எதிராக இறங்குவது ஆற்றில் எதிர்நீச்சல் போடுகிற வேலை. "மன்னிக்கணும்... மன்னிக்கணும்..." தோள்கள் இடித்தன. யாரோ முனகினார்கள். ஒருவர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"ஹலோ! இது உன்னுதா பாரு, கீழ விழுந்துடுச்சு!"

அவர் கையில் பாதி மஞ்சள், பாதி நீலம். அருவருப்பான எதையோ பிடிப்பதுபோல இரண்டு விரலால் பிடித்திருந்தார்.

"இல்ல சார்," என்றான் வெஸ்லி. "என்னுது இல்ல."

வரிசையில் இருந்தவர்கள் சலித்துக்கொண்டே முழங்காலை ஒதுக்கினார்கள். நார்மன் வாயைத் திறந்தவர், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். வெஸ்லி நாற்பத்திரண்டின் முன்னால் வந்து நின்றான். மூச்சிரைத்தது.

"டவுன்," என்றான். "பேரு எழுதிக்கோங்க, பாலின்."

பாலின் திரும்பவில்லை. கீழே மைதான மூலையில் ஸ்கெல்பிக்காரன் ஒருவன் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தான். மூன்று கோல் வாங்கியவர்களுக்குக் கிடைத்த ஒரு மூலை உதை. அதற்கே மிச்சமிருந்த கூட்டம் எழுந்து கத்தியது.

"இன்னும் ஆறு நிமிசம் இருக்கு," என்றார் பாலின்.

"தெரியும்."

"உக்காருடா, மறைக்குது!" என்று பின்னால் யாரோ கூச்சலிட்டார்கள். அவன் நின்றுகொண்டே இருந்தான். மழை பிடித்துக்கொண்டது. இருக்கையின் மேல் அவர் விரல்கள் விரிந்திருந்தன. குளிரில் கணுக்கள் வெளுத்து, இன்னும் அழுத்தியபடி.