இறந்தவர், மற்றபடி நலம்

லிஃப்ட் மெக்கானிக் இறந்து அடக்கம் செய்யப்பட்ட பத்தொன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை மாலை நான்கேகால் மணிக்கு வீடு திரும்பினார். அடக்கத்தின்போது வீட்டுச் சாவியை அவர் சட்டைப்பையில் வைத்து அனுப்ப யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அதனால் காலிங்பெல்லை அழுத்தினார். கதவைத் திறந்தவள் அவருடைய மனைவி. பள்ளிச் சீருடைகள் தைத்துக் கொடுப்பவள். தெருவே அவளை டெய்லரக்கா என்று கூப்பிடும். அப்போது வாயில் இரண்டு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருந்ததால் அலறுகிற வசதி அவளுக்கு இல்லை. ஊசிகளை எடுத்துத் தோள்பட்டையில் குத்திக்கொண்டு, "ஷூவ வெளியவே கழட்டுங்க, இப்பத்தான் தரை துடைச்சேன்," என்றாள். அவர் கழற்றினார். உள்ளே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கே இருந்தார், ஏன் வந்தார் என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. உயிரோடு இருந்த காலத்திலும் எங்கே போய்விட்டு வருகிறார் என்று சொல்கிற பழக்கம் அவருக்கு இருந்ததில்லை.

முதல் வாரம் தெரு முழுவதும் வந்து பார்த்துவிட்டுப் போனது. இரண்டாம் வாரம் பாதித் தெரு வந்தது. மூன்றாம் வாரம் குழாயில் தண்ணீர் வரவில்லை என்ற பேச்சு பெரிதாகிவிட, மெக்கானிக்கை எல்லோரும் மறந்துபோனார்கள். அவருக்கு நாடி கிடையாது, தூக்கம் கிடையாது, உடம்பு எப்போதும் ஜில்லென்று இருக்கும். வெயில் காலத்தில் மகளைக் கட்டிய மருமகன் அவரை ஒட்டியே உட்கார்ந்துகொள்வான். ஸ்பானர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் மறுபடி வேலைக்கும் போனார். இறந்தவர் ரிப்பேர் பார்த்த லிஃப்ட் என்பதற்காக ஒன்பது மாடிக் குடியிருப்பில் யாரும் ஏறாமல் இருக்கவில்லை. ஒன்பது மாடியை யார் நடந்து ஏறுவது?

சிக்கல் ஞாயிற்றுக்கிழமை பூசையில்தான் வந்தது. நற்கருணை வாங்க வரிசையில் நின்ற டெய்லரக்காவைப் பங்குத்தந்தை, கையில் இருந்த அப்பத்தைக் கொடுக்காமல், பூசை முடிந்ததும் வந்து பார்க்கச் சொன்னார். அவர் திருச்சபைச் சட்டம் படித்தவர், இளகிய மனசுக்காரரும்கூட. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் அமைந்துவிட்டால் அந்த ஆள் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. "மரணம் எங்களைப் பிரிக்கும்வரைன்னு வாக்கு கொடுத்தீங்கம்மா. பிரிச்சிடுச்சு. நானே மண்ணு போட்டேன்," என்றார். ஆக, சாவோடு அந்தத் திருமணம் முடிந்தது. இப்போது டெய்லரக்கா ஒரு விதவை. தனக்குச் சட்டப்படி எந்தச் சம்பந்தமும் இல்லாத ஓர் ஆணோடு ஒரே வீட்டில் குடியிருக்கிறாள். குடியிருப்பின் நான்காம் மாடியில் கல்யாணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழும் ஒரு ஜோடி இருந்தது. அவர்களை மனத்தில் வைத்துப் பங்குத்தந்தை தொடர்ந்து மூன்று ஞாயிறு பிரசங்கம் செய்திருந்தார். அந்த ஜோடி மரியாதையாக ஒரு கடிதம் எழுதிவிட்டது: எங்களுக்குச் சொன்னதை அந்த அம்மாவுக்கும் சொல்வீர்களா? அதனால் டெய்லரக்காவுக்கும் இனி நற்கருணை இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று.

"ஏழு வயசுல நற்கருணை வாங்க ஆரம்பிச்சேன் ஃபாதர். காய்ச்சல்லகூட ஒரு ஞாயிறு விட்டதில்ல," என்றாள் டெய்லரக்கா. புருஷன் செத்தபோது அழுததைவிட அன்று அவள் அதிகம் அழுதாள் என்பதை இங்கே மறைக்க வேண்டியதில்லை. பங்குத்தந்தைக்கும் கண் கலங்கியது. அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: இருவருக்கும் மறுபடி கல்யாணம் செய்து வைத்துவிடுவது. அனுமதி கேட்டு, பிஷப் இருக்கும் ஆயர் இல்லத்துக்கு எழுதினார். கல்யாணம் உள்ளிட்ட அருட்சாதனங்கள் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டுமே என்று நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. மெக்கானிக் இரண்டு வேளையும் சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார் என்று பங்குத்தந்தை மறுபடி எழுதினார். அப்படியானால் டாக்டர் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், முழங்காலில் தட்டினார். பிறகு இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டார்: "இறந்தவர். மற்றபடி நலம்."

இந்தச் சான்றிதழ் ஆயர் இல்லத்தில் மேசை மேசையாக ஏறி இறங்கிய காலத்தில், ஓர் இடைக்கால ஏற்பாடு சொல்லப்பட்டது. இருவரும் அண்ணன் தங்கையாக வாழ வேண்டும். நற்கருணையைப் பற்றி முடிவு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். இருவரும் தலையாட்டினார்கள். பங்குத்தந்தை சொன்னதை எழுத்துக்கு எழுத்து செய்கிற குடும்பம் அது. தெரு முழுக்க அக்கா என்று கூப்பிடுபவளை மெக்கானிக் மட்டும் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார். அவள் "ஏங்க" என்று தொடங்கி "அண்ணே" என்று முடித்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகளுக்குத்தான் பெரிய திண்டாட்டம். அம்மாவின் அண்ணன் என்றால் மாமா. பெற்ற அப்பாவை மாமா என்று கூப்பிட முதலில் நாக்கு வரவில்லை, பிறகு சிரிப்பு வந்தது, பிறகு பழகிவிட்டது. வீட்டில் நாக்குப் பிசகாத ஒரே ஆள் மருமகன். அவனுக்கு அவர் முன்பும் மாமா, இப்போதும் மாமா.

மெக்கானிக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. தங்கச்சியிடம் எப்படி நடந்துகொள்வது என்று பங்குத்தந்தையிடமே போய்க் கேட்டார். பங்குத்தந்தைக்கு நான்கு தங்கைகள். "சண்டை போடணும். அப்புறம் அவங்க பேசறதக் கேக்கணும். பாதியில எந்திரிச்சுப் போகக் கூடாது," என்றார். மெக்கானிக்கும் அப்படியே செய்தார். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அவள் பேசுவதைக் கேட்டார். முப்பத்தொரு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவள் இவ்வளவு பேசுவாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரு நாள் காலர் தைத்துக்கொண்டே அவள் தன் கல்யாணக் கதையைச் சொன்னாள். "முழு மனசோட வந்திருக்கியான்னு சாமியார் கேட்டாரு. எங்கப்பா பின்னால நின்னு தொண்டையச் செருமினாரு. நான் ஆமான்னுட்டேன்." மெக்கானிக் ஓர் அண்ணன் கேட்கிற மாதிரியே கேட்டார்: "உன் வீட்டுக்காரரு எப்படி?" அவள் மெஷினை நிறுத்திவிட்டு யோசித்தாள். "கெட்டவருன்னு சொல்ல முடியாது. வீட்ல ஃபேன் ஓடுதில்ல, அந்த மாதிரி. சத்தம் வரும், காத்து வரும். பேச்சு வராது." அதன் பிறகு அரை மணி நேரம் அவர் டப்பாவில் கலந்து கிடந்த பித்தான்களை நிறவாரியாகப் பிரித்து வைத்தார். அவருக்கு வலித்தது. இறந்தவர்களுக்கு வலிக்காது என்று சொல்பவர்கள் இறந்து பார்த்தவர்கள் அல்ல.

இரண்டு வருஷமும் ஒரு மாதமும் கழித்து ஆயர் இல்லத்திலிருந்து அனுமதி வந்தது. இறந்தவர் திருமணம் செய்துகொள்வதைத் தெளிவாகத் தடுக்கும் விதி எதுவும் கண்ணில் படவில்லை. இந்த ஒரு தடவை மட்டும் செய்துகொள்ளலாம். இதை யாரும் முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது. வழக்கப்படி மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிப்பு வாசிக்க வேண்டும். தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்ல வேண்டும். முதல் ஞாயிறு, கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளை எழுந்தார். "மாப்பிள்ளை செத்துட்டாரு ஃபாதர். குழிக்கு அளவு எடுத்ததே நான்தான்." பங்குத்தந்தை, "தெரியும், உக்காருங்க," என்றார். இரண்டாம் ஞாயிறு யாரும் எழவில்லை. மூன்றாம் ஞாயிறு டெய்லரக்காவே எழுந்தாள்.

"தடை ஒண்ணு இருக்கு ஃபாதர்," என்றாள். "என்னைய யாரும் கேக்கல."

பங்குத்தந்தை பூசையை நிறுத்திவிட்டு உள்ளே போய் இந்த விவகாரத்தின் ஃபைலை எடுத்து வந்து பீடத்தின் முன் நின்று புரட்டினார். நாற்பத்தாறு பக்கங்கள். ஆயர் இல்லத்தின் கடிதங்கள், அவருடைய கடிதங்கள், டாக்டர் சான்றிதழ், இறப்புப் பதிவேட்டின் நகல், கல்லறைத் தோட்டக்காரரின் வாக்குமூலம்கூட இருந்தது. டெய்லரக்காவுக்கு இஷ்டமா என்று ஒரு வரி இல்லை. அவருக்கு முகம் சிவந்துபோனது. அங்கேயே கேட்டார். "யோசிச்சுத்தான் சொல்லணும்," என்றாள் அவள். "மாட்டேன்னா இவரு வீட்ட விட்டுப் போகணும். சரின்னா எனக்கு நற்கருணை கெடைக்கும். அதுக்காக ஆமான்னு சொல்லலாமா?" பங்குத்தந்தை நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அப்படிச் சொன்னா அது சம்மதம் இல்லம்மா, அது செல்லாது," என்றார். நான்காம் மாடி ஜோடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. வீட்டுக்குப் போய் அவர்கள் என்ன பேசினார்கள் என்பது வேறு கதை.

கடைசி பெஞ்சில் இருந்த மெக்கானிக்கும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலை ஸ்பானர் பெட்டியையும் ஒரு போர்வையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். "நான் இங்க இருந்தா உன்னால யோசிக்க முடியாது," என்று மட்டும் சொன்னார். குடியிருப்பின் மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் அறை இருக்கிறது. எண்ணெய் நாற்றமும் இரும்புச் சத்தமும் நிறைந்த அந்த அறையில், கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே குடியேறினார். கூப்பிட்டால் வேலை பார்ப்பார், கூப்பிடாவிட்டால் சும்மா இருப்பார். அவர் வீட்டைவிட்டுப் போனதால் அடுத்த ஞாயிறே டெய்லரக்காவுக்கு நற்கருணை கிடைத்தது. நாக்கில் அப்பம் பட்டதும் வரிசையிலேயே நின்று அழுதாள். பின்னால் நின்றவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அவள் கேட்டது அவளுக்குக் கிடைத்துவிட்டது. இனி அந்த மனிதருக்குச் சரி சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. இது தெருவுக்குத் தெரியும், பங்குத்தந்தைக்குத் தெரியும், மோட்டார் அறையில் இருந்தவருக்கும் நன்றாகத் தெரியும்.

ஆனாலும் பங்குத்தந்தை கடமை தவறவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பாடகர் குழு ஒத்திகை, கூரை ஒழுகல், ஞானோபதேச வகுப்பு என்று அறிவிப்புகளை வாசித்து முடித்ததும், "உங்களுக்குச் சம்மதமாம்மா?" என்று கேட்பார். "இன்னும் இல்ல ஃபாதர்," என்பாள். கடைசி பெஞ்சில் மெக்கானிக் கோட்டு போட்டு உட்கார்ந்திருப்பார். பதில் கேட்டதும் எழுந்து லிஃப்டைப் பார்க்கப் போய்விடுவார். இப்படி ஒரு வருஷம் போயிற்று. அந்த வருஷம் லிஃப்ட் ஒரு முறைகூட நின்றதில்லை. வேறு ஊருக்கு மாற்றல் வந்தபோது, இந்தக் கேள்வி முடியாமல் போக மாட்டேன் என்று பங்குத்தந்தை ஆயரிடம் அடம் பிடித்துத் தங்கிவிட்டார். மகள் அம்மாவிடம், "பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லித் தொலையேம்மா," என்று கத்திப் பார்த்தாள். டெய்லரக்கா நூல் கோத்துக்கொண்டே, "கேக்க வேண்டியவரு கேக்கட்டும்," என்றாள். எல்லோரும் அது ஆயரைப் பற்றிய பேச்சு என்று நினைத்துக்கொண்டார்கள்.

அறுபத்திரண்டாவது ஞாயிறு. கூரை ஒழுகல் வரை அறிவிப்பு வந்திருந்தது. அடுத்து வாசிக்கப் பங்குத்தந்தை தாளைத் திருப்புவதற்குள் மெக்கானிக் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தார். பெஞ்சுகளுக்கு நடுவே முன்னால் நடந்து வந்தார். உயிரோடு இருந்தபோது ஏழாம் மாடியில் நின்றுபோன லிஃப்டுக்குள் ஒற்றைக் கயிற்றில் இறங்கிய மனிதர். இந்த ஞாயிறு பத்தடி நடப்பதற்குள் இரண்டு தடவை நின்றார். டெய்லரக்காவின் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்று, கோட்டின் பித்தானைத் திருகிக்கொண்டு, "உனக்கு என்னப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். "பிடிக்கலன்னாலும் பரவால்ல. நான் கேட்டதே இல்ல. அதான்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவசரப்படவில்லை. "முன்னாடி பிடிக்காது," என்றாள். "இப்பப் பிடிச்சிருக்கு."

அன்றைக்கே கல்யாணம் நடந்தது. மரணம் பிரிக்கும்வரை என்ற வரி வந்தபோது டெய்லரக்கா, "அத விட்டுடுங்க ஃபாதர், அது முடிஞ்சு போச்சு," என்றாள். புத்தகத்தை மாற்றும் அதிகாரம் இல்லாத பங்குத்தந்தை அந்த இடத்தில் மட்டும் பலமாக இருமினார். பிறகு இருவரும் வீட்டுக்குப் பஸ் ஏறினார்கள். ஒரே ஒரு சீட்தான் காலியாக இருந்தது. மெக்கானிக் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். கண்டக்டர் இருவரையும் பார்த்து இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.