டபுள் சைக்கிள் ஏறும் வேன்

வேன் வாங்கப் போகிறவர்கள் மைலேஜ் கேட்பார்கள், ஏ.சி. உண்டா என்று கேட்பார்கள். நான் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து, பின்கதவைத் திறக்கச் சொல்லி, தரையை அளப்பேன். ஏழு அடி பத்து அங்குலம் வேண்டும். ஓர் அங்குலம் குறைந்தாலும் டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். மூன்று மாதத்தில் பதினான்கு வண்டிகளை அளந்தாயிற்று. ஓசூர் ரோட்டில் பழைய வண்டி விற்கிறவர்கள் மத்தியில் எனக்கு 'டேப் மேடம்' என்று பெயர் விழுந்துவிட்டதாம். விழட்டும். ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள் நான். இதைவிட மோசமான பட்டப்பெயரெல்லாம் எனக்கு உண்டு.

ஏழு அடி பத்து அங்குலம் என்பது எங்கள் டபுள் சைக்கிளின் நீளம். என் வீட்டுக்காரர் மைக்கேல்ராஜ் வேன்களுக்கும் பஸ்களுக்கும் பாடி கட்டும் ஷெட்டில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். நான்கு வருஷத்துக்கு முன் சர்க்கரை நோய் அவருடைய இரண்டு கண்களையும் கொண்டுபோயிற்று. வேலையும் கூடவே போயிற்று. அதன்பிறகு ஒரு நாளைக்கு நான்கு வார்த்தை பேசினால் அதிகம். ஷெட்டில் அவரோடு வேலை பார்த்த அமல்தான் இரண்டு பழைய சைக்கிள்களை வெட்டி ஒட்டி, முன்னால் ஒருவர் ஓட்ட, பின்னால் ஒருவர் மிதிக்க, அந்த டபுள் சைக்கிளைச் செய்து ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். பின் சீட் என் வீட்டுக்காரருக்கு. முன் சீட் எனக்கு. அதுவரை நான் சைக்கிளைத் தொட்டதுகூட இல்லை. நாற்பத்தாறு வயதில் சர்ச் காம்பவுண்டில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டேன்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் நாங்கள் இருவரும் அதில் போவோம். பெரியவள் டீனாவும் சின்னவள் சோஃபியாவும் அவரவர் சைக்கிளில் பின்னால் வருவார்கள். மிதிக்க ஆரம்பித்தால் மனுஷர் வாயை மூடவே மாட்டார். இங்கே பேக்கரி, இங்கே மரத்தை வெட்டிவிட்டார்கள், வெயில் முகத்தில் அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே வருவார்.

போன பிப்ரவரியில் பானஸ்வாடி மெயின் ரோட்டில் எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. நேராக நடைபாதைக் கல்லில் போய் மோதி இருவரும் விழுந்தோம். அவருக்கு முழங்கையில் ஏழு தையல். மணலில் வண்டி சறுக்கிவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். உண்மை அதுவல்ல. ஹாரன் சத்தத்தில் பயந்துபோய் நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண் தெரியாத மனுஷரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம்கூட இதை நான் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர், "போதும் பிரிஜெட். அத செவத்துல மாட்டிடு" என்றார். மறுபடியும் நான்கு வார்த்தைக்குத் திரும்பிவிட்டார்.

நான் சுவரில் ஆணி அடிக்கவில்லை. தப்பு என்னுடையது, தீர்க்க வேண்டியவளும் நான்தான். ஊருக்குள் ஓட்ட முடியாது, சரி. சந்தாபுரா தாண்டி ஆனேக்கல் பக்கம் ஏரிக்கரை ரோடுகள் காலியாகக் கிடக்கின்றன. நான்கு பேரையும் மூன்று சைக்கிளையும் அங்கே கொண்டுபோய் இறக்க ஒரு வேன் வேண்டும், அவ்வளவுதானே? ஓட்டுவதற்கு டீனாவிடம் லைசென்ஸ் இருக்கிறது.

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? எங்கள் பள்ளி சயின்ஸ் வாத்தியார் சந்திரசேகரன், காரே வாங்கிக் கூரைமேல் கேரியர் போடச் சொன்னார். முப்பத்திரண்டு கிலோ சைக்கிளை வாராவாரம் தலைக்கு மேலே தூக்க அவரா வருவார்? பின்பக்கம் மாட்டினால் இரண்டு பக்கமும் காவடி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு ஷோரூமில் சீட்டையெல்லாம் மடக்கிக் காட்டினார்கள். சைக்கிள் ஏறிவிட்டது, ஆனால் உட்கார இடம் மூன்று பேருக்குத்தான் இருந்தது. சார் வேண்டுமானால் வீட்டிலேயே இருந்துகொள்ளட்டுமே என்றான் அங்கே வண்டி காட்டிய சேல்ஸ் பையன். யாருக்காக இந்தச் சைக்கிள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஏழாம் வகுப்பு பி செக்ஷனை அடக்குகிற பார்வை ஒன்று என்னிடம் உண்டு. அதைக் காட்டிவிட்டு வந்தேன்.

இத்தனையிலும் அவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேன் வாங்கப்போகிறோம் என்று மட்டும் சொன்னேன், "ம்" என்றார். வண்டிகளோடு இருபத்திரண்டு வருஷம் வாழ்ந்துவிட்டு அதை இழந்த மனுஷரிடம், எந்த வண்டி நல்லது என்று பேசுவது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிற மாதிரி என்று நினைத்தேன். பிள்ளைகள் அந்தப் பேச்சை எடுத்தால் கண்ஜாடை காட்டி அடக்கிவிடுவேன்.

கடைசியில் சந்தாபுராவில் வெங்கடராமன் என்பவரின் யார்டில் ஒரு சில்வர் வேன் அகப்பட்டது. எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி ஒன்றுக்கு ஓடிய வண்டி. கடைசி வரிசையைக் கழற்றிவிட்டால் தரை எட்டு அடி ஒரு அங்குலம், மீதி சீட்டில் நான்கு பேர் தாராளமாக உட்காரலாம். மூலையில் ஒரு பழைய ஸ்கூல் வேனும் நின்றது. அதில் இரண்டு பக்கமும் நீளவாக்கில் பெஞ்சு, நடுவில் ஒரு ஆள் நடக்கத்தான் வழி. பெஞ்சைக் கழற்ற முடியுமா என்று கேட்டதற்கு, அது பாடியோடு சேர்ந்தது மேடம் என்று வெங்கடராமன் சொல்லிவிட்டார். விட்டுவிட்டேன். மூன்று சைக்கிளையும் ஏற்றிப் பார்த்தபிறகுதான் சில்வர் வேனுக்கு அட்வான்ஸ் என்று நிபந்தனை போட்டேன்.

சனிக்கிழமை காலை சைக்கிள்களைக் கூட்ஸ் ஆட்டோவில் ஏற்றினோம். கிளம்பும்போது சோஃபியா, டாடியையும் கூட்டிக்கொண்டு போகலாம், தனியாக என்ன செய்வார் என்றாள். நான் முறைத்தேன். அதற்குள் அவள் அவர் கையில் ஷூவைக் கொடுத்துவிட்டாள்.

யார்டில் வெங்கடராமன் அவரை நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, கையில் ஒரு ஜூஸ் பாட்டிலைத் திணித்துவிட்டு என்னிடம் வந்துவிட்டார். டபுள் சைக்கிள் முதலில் ஏறியது. மற்ற இரண்டும் அதன் இரு பக்கத்திலும் கச்சிதமாக நின்றன. டீனா போட்டோ எடுத்தாள். மூன்று மாத அலைச்சல் முடிந்தது என்ற நிம்மதியில் நான் அட்வான்ஸை எடுக்கக் கைப்பையைத் திறந்தேன்.

"பிரிஜெட், கொஞ்சம் இரு." அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். "நான் ஒரு தடவ தொட்டுப் பாக்குறேன்."

"சாருக்கு எதுக்கு மேடம் வீண் சிரமம்?" என்றார் வெங்கடராமன், என்னைப் பார்த்து.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. திட்ட வாயைத் திறந்தேன். இதையேதான் மூன்று மாதமாக நானும் செய்துகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அவமானமாக இருந்தது. அவரைக் கையைப் பிடித்து வேனுக்குக் கூட்டிப்போனேன்.

சைக்கிள்களை இறக்கச் சொன்னார். உள்ளே ஏறிக் குப்புறப் படுத்து, தரை விரிப்பின் ஓரத்தைத் தூக்கி முகர்ந்தார். விரல் முட்டியால் அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போனார். சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். பிறகு சோஃபியாவைக் கூப்பிட்டு, மொபைல் வெளிச்சத்தில் சீட் கால்களைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். மேல் போல்ட்டெல்லாம் கறுப்பாகப் புதிது மாதிரி இருக்கிறது, கீழே இருப்பதெல்லாம் துரு என்றாள் அவள். எல்லாச் சீட்டிலும் துரு ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

"இந்த வண்டி தண்ணியில நின்னுருக்கு. ரெண்டு மூணு நாளு நின்னுருக்கும்" என்றார். "தரையில பாதி எடம் தகடே இல்ல, பட்டி பூசி வெச்சிருக்காங்க. நாலு பேரும் சைக்கிளும் ஏறினா ரெண்டு மழைக்குக்கூடத் தாங்காது."

எங்கள் ஊரில் மழை வெள்ளத்தில் கம்பெனி பார்க்கிங்கெல்லாம் மூழ்கிய வருஷம் யாருக்கு மறக்கும்? வெங்கடராமன், அது தான் ஏலத்தில் எடுத்த வண்டி, தனக்கும் தெரியாது என்று எதிரிலிருந்த புங்கமரத்திடம் சொன்னார். நான் நீளம் அளந்தேன், அகலம் அளந்தேன், உயரம் அளந்தேன். தரையில் தரை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. கணக்கு டீச்சர்!

யார்டில் வேறு என்ன வண்டி நிற்கிறது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஸ்கூல் வேனைப் பற்றியும் அதன் பெஞ்சைப் பற்றியும் சொன்னேன். கூட்டிப்போகச் சொன்னார். பெஞ்சின் அடியில் கை விட்ட மறு நிமிஷமே சிரித்தார். பிப்ரவரிக்குப் பிறகு அவர் சிரித்து நான் அன்றுதான் கேட்டேன்.

"ஆறு போல்ட்டு. இத மாதிரி நூறு பெஞ்சு நானே மாட்டியிருக்கேன். ஒரு பக்கத்தக் கழட்டினா மூணு சைக்கிளும் அங்க நிக்கும். இந்தப் பக்கத்துப் பெஞ்சு நமக்கு."

ஒரு மணி நேரம் தட்டினார். மேலே, கீழே, சக்கரத்துக்கு மேல் வளைவில், கதவுக் கீலில். சத்தம் கணீரென்று வந்தது. பெயிண்ட்தான் போயிருக்கிறது, தகடு நல்ல தகடு என்றார். ஸ்கூல் வண்டியைச் சொந்த வண்டியாக மாற்றவும் சீட்டைக் குறைக்கவும் ஆர்.டி.ஓ.வில் என்னென்ன எழுதிக் கொடுக்கவேண்டும் என்று வெங்கடராமனுக்கே வகுப்பெடுத்தார். பெஞ்சை அமல் வந்து கழற்றுவார், பக்கத்தில் தானும் இருப்பேன் என்றார். இதுதான் வண்டி என்று அவர் சொன்னபிறகு என் டேப்புக்கு வேலை இல்லை. அட்வான்ஸைக் கொடுத்தேன்.

கூட்ஸ் ஆட்டோவில் பிள்ளைகள் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"உங்கள மொதல்லயே கேட்டுருக்கணும். மனசு கஷ்டப்படுவீங்கன்னு விட்டுட்டேன்."

"கேக்காம விட்டதுதான் கஷ்டமா இருந்துச்சு" என்றார். பிறகு டபுள் சைக்கிளின் பின் சீட்டைத் தேடிப் பிடித்து அதன்மேல் கை வைத்துக்கொண்டார். "ஆர்.டி.ஓ. பேப்பர் வந்த மொத ஞாயித்துக்கெழம, பூச முடிஞ்ச உடனே கெளம்பிடணும். முன்னாடி நீதான் ஓட்டணும்."

டீனா ஓட்டட்டுமே என்றேன்.

"மணல்ல சறுக்குற வண்டி ஆடும், பிரிஜெட். அன்னிக்கு நம்ம வண்டி ஆடவே இல்ல, ஹாரன் அடிச்சதும் நேரா போய் முட்டுச்சு. பின்னாடி ஒக்காந்தவனுக்கு அது தெரியாதா? நீ பயந்துட்டேன்னுதான் செவத்துல மாட்டச் சொன்னேன்."

மூன்று மாதமாகச் சுமந்த பொய், அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. அவர் சீட்டை இரண்டு தட்டு தட்டினார்.

"நீயே ஓட்டு. ஹாரன் கேட்டா மட்டும் கண்ண மூடாத. நம்ம ரெண்டு பேருல ஒருத்தருக்காவது கண்ணு தெரியணும்."