தலையாட்டி எடுத்த ஏலம்

என் கணவருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் தலையாட்டி. வீட்டில் நானும் அதையே வைத்துக்கொண்டேன். ஒரு மனிதருக்கு எத்தனை பெயர்தான் வைப்பது? மேலாளர் மழை வரும் என்றால் தலையாட்டுவார், வராது என்றாலும் அதே ஆட்டம்தான். என்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று பெரியவர்கள் கேட்டபோதும் அப்படித்தான் ஆட்டிவைத்தார் என்பது என் நெடுநாள் சந்தேகம்.

அவர் கணக்கராக இருந்து ஓய்வுபெற்ற அந்த அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறுகிறது. பழைய சாமான்களை ஏலம் விடுகிறார்கள். அவற்றில் நான் வரைந்த படமும் ஒன்று. நான் படம் வரைகிறவளாக இருந்த காலத்தில், ஒரு கண்காட்சியில் அவர்கள் வாங்கிப் போய்க் கூட்ட அறையில் மாட்டியது. அதற்குக் காசோலை எழுதிக் கொடுத்தவர்தான் பின்னால் எனக்குக் கணவராக வந்து சேர்ந்தார்.

இரண்டு சதுரம், ஒரு முக்கோணம், ஒரு வட்டம். வட்டத்திலிருந்து ஒரு கருஞ்சிவப்புக் கோடு கிளம்பி வலது ஓரத்துக்குப் போகும். அங்கே நிற்க அதற்கு மனமில்லை. அதனால் தூரிகையை எடுத்து, சட்டத்தின் மரத்தின் மேலும் அதை இழுத்துவிட்டேன். கரும்பழுப்பு மரத்தில் கருஞ்சிவப்புக் கோடு, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். யாரும் உற்றுப் பார்த்ததாகத் தெரியவில்லை. இவரிடம் "படம் நல்லாயிருக்கா?" என்று கேட்டால் தலையாட்டுவார். மழைக்கும் ஆடுகிற தலைக்கு என்ன மதிப்பு? கொஞ்ச நாளில் கேட்பதை விட்டேன். பிறகு வரைவதையும் விட்டேன்.

ஏலத்துக்குக் கிளம்பும்போதே மனதுக்குள் ஒரு முடிவு செய்திருந்தேன். படத்தைப் படத்துக்காக ஒருவராவது கேட்டால், பரண் மேல் கிடக்கும் வண்ணப் பெட்டியை இறக்குவது. இல்லையென்றால் அதைக் குப்பையில் போட்டுவிட்டு, விட்டது சனி என்று இருப்பது. இதை இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்றுதான் தெரியுமே.

கூட்ட அறையிலேயே ஏலம் நடந்தது. சுழல் நாற்காலிகள் மொத்தமாகப் போயின. கால் ஆடுகிற மேசைக்கு இரண்டு பேர் போட்டிபோட்டார்கள். நகலெடுக்கும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போன பிறகு ஏலக்காரர் சுவரைக் கைகாட்டினார்.

"அடுத்தது சுவர் அலங்காரம், ஒண்ணு. கட்டம் கட்டமா லட்சணமா இருக்கு. கேளுங்க!"

ஒருவரும் விலை கேட்கவில்லை. "இது படமா, கணக்குப் பாடமா?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"எனக்குக் குடுங்க," என்றது ஒரு குரல். கழுத்தில் அளவு நாடா தொங்க ஓர் ஆள் எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போனார். என் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. ஆனால் மனிதர் படத்தைப் பார்க்கவே இல்லை. சட்டத்தைச் சுண்டிப் பார்த்தார்.

"நல்ல மரம். முகம் பார்க்கிற கண்ணாடிக்கு ஆகும். ஓரத்துல ஏதோ கீறல் இருக்கு, இழைச்சா போயிடும்."

கண்ணாடிக்குச் சட்டம் போடும் கடைக்காரராம். பழத்தை எறிந்துவிட்டுத் தோலை வாங்கிப் போக வந்திருக்கிறார்!

"ஒரு தரம்!" என்றார் ஏலக்காரர். ஏலத்தில் தரம் என்றால் வெறும் எண்ணிக்கைதான், மற்றத் தரத்தை யார் பார்க்கிறார்கள். "ரெண்டு தரம்! இன்னும் மேல கேக்கறவங்க உண்டா?"

என் பக்கத்தில் தலை ஆடியது.

"பின்வரிசை ஐயா ஏத்திட்டாரு!"

நான் இவர் தொடையில் கிள்ளினேன். "ஏங்க, இங்க தலையாட்டினா விலை கேட்டதா அர்த்தம். தெரியுதா?"

தெரிகிறது என்று தலையாட்டினார்.

"ஐயா மறுபடியும் ஏத்திட்டாரு! தான் கேட்டதுக்கு மேல தானே கேக்கறாரு!" அறையே சிரித்தது. கடைக்காரர் விடவில்லை, கையைத் தூக்கினார். இவர் ஏலக்காரரை நேராகப் பார்த்து இன்னொரு முறை ஆட்டினார்.

"விடுங்க, இந்த விலைக்கு நான் புதுசாவே செஞ்சுடுவேன்," என்று கடைக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

"மூணு தரம்!"

ஒருவர் மரத்துக்காகக் கேட்டார், இன்னொருவர் பழக்க தோஷத்தில் வாங்கிவிட்டார். என் படத்தை யார் கேட்டார்கள்? பெட்டி குப்பைக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் முட்டியது.

படத்தைச் சுவரிலிருந்து இறக்கும்போது கடைக்காரர் பக்கத்தில் வந்தார். "சார், சட்டம் உங்களுக்கு எதுக்கு? படத்தை அலுங்காம கழட்டிக் குடுத்துடறேன். சட்டத்தை எனக்குக் குடுங்க, பாதி விலையை நான் தர்றேன்."

நியாயமான பேச்சு. இவர் தலை எந்தப் பக்கம் போகும் என்பது ஊருக்கே தெரியும். அந்த ஆள் திருப்புளியைக் கையில் எடுத்தேவிட்டார்.

இவர் தலை இடமும் வலமும் போயிற்று. கழுத்துதான் சுளுக்கிக்கொண்டதோ என்று பயந்துவிட்டேன்.

"முடியாதுப்பா," என்றார். "கோடு அறுந்துடும்."

"எந்தக் கோடு சார்?"

இவர் வட்டத்தில் விரலை வைத்தார். கருஞ்சிவப்பின் மேலேயே மெதுவாக நகர்த்திக்கொண்டு வந்தார். ஓரம் வந்தது. விரல் நிற்கவில்லை, மரத்தின் மேல் ஏறி அதன் விளிம்பு வரை போயிற்று.

"இது கீறல் இல்ல. இவ போட்டது."

நான் இவர் பக்கம் திரும்பினேன். "உங்களுக்கு இது எப்பலேர்ந்து தெரியும்?"

"மீட்டிங்ல எனக்கு எதிர்லதானே இது இருந்துச்சு. அவங்க பேச்சை யாரு கேட்டா? நான் பாட்டுக்கு இந்தக் கோட்டுப் பின்னாடியே போவேன். கடைசி வரைக்கும் போய்ச் சேர்ந்ததும் தலை தானா ஆடும். மேனேஜர் அது அவருக்குன்னு நினைச்சுக்கிட்டாரு."

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "வாய்னு ஒண்ணு எதுக்கு இருக்கு உங்களுக்கு? இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

இவர் உண்மையாகவே குழம்பிப்போனார்.

"நீ கேட்டப்பல்லாம் சொன்னேனே," என்று தலையாட்டிக் காட்டினார்.

படத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு படியிறங்கினோம்.

"வீட்டுக்குப் போனதும் நான் பரண்ல ஏறணும். நீங்க ஏணியைப் பிடிச்சுக்கணும்," என்றேன்.

எதற்கு என்று இவர் கேட்கவில்லை. தலையாட்டினார்.