பாதி ஓடை

ஒரு மீன் நாலாயிரம் துக்ரிக்; மூன்றாய் எடுத்தால் பத்தாயிரம். உலகத்தில் வேறெங்கும் இல்லாத மீனை ஜிக்மித் போன ஜூனில் இந்த விலைக்குத்தான் புகையில் வாட்டி, ஹத்கல் சாலையோரம் விற்றான்.

ஹத்ரன் மீன் ஹொவ்ஸ்கோல் ஏரியில் கொட்டிக் கிடக்கிறது. முதுகில் பாய் விரித்தாற்போல் துடுப்பு, அதில் ஊதாப் புள்ளிகள். எல்லாம் ஒரே மீன்தான் என்பது ஜிக்மித்தின் கட்சி.

"இல்லப்பா, நம்ம ஓடையில ஏறுறது வேற இனம். புள்ளியெல்லாம் வரிசையா நிக்குது பாரு" என்பாள் மகள் உயாங்கா.

"வரிசையா நிக்க அதென்ன பள்ளிக்கூடமா? நாக்குக்கு எல்லாம் ஒண்ணுதான்டி."

அவளோ ஒவ்வொரு ஜூனிலும் ஓடைக்கரையில் உட்கார்ந்து, முட்டையிட ஏறும் மீன்களை எண்ணி நோட்டில் எழுதுவாள். ஒரு மீனின் துடுப்போரத்தை நறுக்கித் தலைநகர் ஆராய்ச்சிக்கூடத்துக்கும் அனுப்பியிருந்தாள்.

ஜிக்மித் குடும்பத்தில் ஓடை ஏரியில் சேரும் இடத்தில் பாதிக்குத்தான் வலை கட்டுவார்கள், மறுபாதி மீனுக்கு. போன வருடம் உயாங்கா தலைநகர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மருந்துக்குப் பணம் வேண்டும். ஜிக்மித் கரைக்குக் கரை கட்டினான்.

"முழுசா கட்டிட்டியாப்பா?" என்று போனில் கேட்டாள்.

"பாதிதான்டி."

வியாபாரத்தில் அவன் சொன்ன பொய்களுக்குக் கணக்கில்லை. உறுத்தியது இது ஒன்றுதான். முதல் பனி விழுந்த வாரம் அவள் இறந்துபோனாள்.

இந்த ஜூனில் ஆராய்ச்சிக்காரி செத்செக் வந்து இறங்கினாள். "அண்ணே, உங்க பொண்ணு சொன்னது சரிதான். தனி இனம். அவ பேரையே வச்சிரலாம். அதுக்கு முழு மீன் ஒண்ணு வேணும்."

"ஒண்ணு என்னம்மா, கூடை வேணும்னாலும்..." என்று வாய்ப்பழக்கத்தில் தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான்.

பத்து நாள் கரையில் காத்திருந்தார்கள். தண்ணீர் மட்டும் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. "எங்கயாவது குஞ்சு தப்பியிருக்கும்ணே" என்றாள் செத்செக், அவன் முகத்தைப் பார்க்காமல்.

அவள் வண்டி ஏறியபின் ஜிக்மித் மகளின் நோட்டைத் திறந்தான். அவள் காலியாக விட்டுப்போன வரியில் எழுதினான்:

"போன வருஷம் ஏறினது 312. எடுத்தது 312, முழு வலை. இந்த வருஷம் ஏறினது ஒண்ணுமில்லை. உனக்குத் தர வேண்டியது: ஒரு மீன்."